மாப்பிள்ளையின் இடது காது

அந்தக் குதிரையை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது எங்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

அதன் பெயர் மாப்பிள்ளை. பெண் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போல எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொள்ளும். தண்ணீர் வாளியின் நிறம் மாறினால் குடிக்காது. எதிரே ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் கால் மணி நேரம் நகராது. ஆனால் சாப்பாடு மட்டும் வேளை தவறாமல் வந்துவிட வேண்டும். லாயத்தில் வேலை பார்க்கும் அக்காதான் அந்தப் பெயரை வைத்தாளாம். அவளையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சுள்ளி என்பார்கள். ஆளும் ஒல்லி, வாயைத் திறந்தால் அனலும் பறக்கும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மாடியிலிருந்து தரைவரை படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு வருவது என் வழக்கம். நூறு முறையாவது வந்திருப்பேன். நூற்றியோராவது முறை விழுந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். மண்டையில் வலது பக்கம் விரிசல், உள்ளே ரத்தக்கட்டு, பதினோரு நாள் நினைவில்லை. எழுந்தபோது இடது கையும் இடது காலும் பாதிதான் என் பேச்சைக் கேட்டன. வாய்ப்பேச்சும் குழறியது. ஒவ்வொரு சொல்லும் உருண்டு புரண்டு வெளியே வருவதற்குள் எதிரில் இருப்பவர் எனக்குப் பதிலாக வாக்கியத்தை முடித்துவிடுவார். அதுவும் தப்பாக முடிப்பார். உள்ளே நான் பழைய வேகத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே வர முடியாது.

ஐந்தாவது மாதம் தலைமையாசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. தனியாக நடமாடினால் ஆபத்தில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் நான் என் வகுப்புக்கே திரும்பலாம். இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே படிக்கலாம், பாடங்களை அனுப்பிவைப்பார்கள். மிகவும் அன்பான கடிதம். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டேன். ஒற்றைக் கையால் கிழிப்பது லேசான வேலை இல்லை, முழங்காலுக்கு அடியில் வைத்து இழுக்க வேண்டும். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றால், உன்னை மெதுவாக மறந்துவிடுகிறோம் என்று பொருள். என் பெஞ்சில் வேறு யாராவது உட்காருவார்கள். எனக்கு என் பெஞ்சு வேண்டும்.

டாக்டர் அவசரப்படவில்லை. "பத்து வாரம் குதிரைப் பயிற்சி பண்ணட்டும். அங்கேயே வந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். குதிரை நடக்கும்போது அதன் முதுகு ஆடுவதும் மனிதர் நடக்கும்போது இடுப்பு ஆடுவதும் ஏறக்குறைய ஒன்றாம். மேலே சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு நடையைக் கற்றுக்கொள்ளுமாம். பயிற்சிக் கூடம் ஊருக்கு வெளியே, தகரக்கூரை போட்ட பெரிய கொட்டகை. தரையில் மணல், சுவரோரம் ரப்பர் வாடை அடிக்கும் ஹெல்மெட்டுகள், குதிரையின் உயரத்துக்கு ஏறிப் போக ஒரு மரச்சாய்வு. நான் ஏறி உட்கார்ந்ததும் சுள்ளி முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பக்கத்துக்கு ஒருவராக நடந்து என் தொடையைப் பிடித்துக்கொள்வார்கள். வலது பக்கம் பயிற்சி கொடுக்கும் மிஸ். இடது பக்கம் அம்மா.

அந்த மிஸ்ஸுக்கு நான் வைத்த பெயர் சூப்பர் மிஸ். மேலே ஏறினால் சூப்பர், இறங்கினால் சூப்பர், ஹெல்மெட் பட்டையைப் போட்டால் சூப்பர். ஒரு நாள் தும்மினேன், அதற்கும் சூப்பர். நல்லவர்தான். ஆனால் எல்லாமே சூப்பர் என்றால் எது சரி, எது தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏறுவதற்கு முன்பு குதிரைக்குப் பிரஷ் போட வேண்டும். அது கைக்குப் பயிற்சி. குதிரையை எப்போதும் அதன் இடது பக்கமாகத்தான் நெருங்க வேண்டும் என்பது லாயத்துச் சட்டம். அப்படி நின்று தேய்த்தால் குதிரையின் தலை நமக்கு இடப்பக்கம் இருக்கும், வால் வலப்பக்கம். நான் இரண்டு வாரம் நன்றாக வியர்க்க வியர்க்கத் தேய்த்தேன். சூப்பர், சூப்பர். மூன்றாவது வாரம் சூப்பர் மிஸ் போனில் பேச வெளியே போன நேரத்தில் சுள்ளி வாளியைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"ஏய், தினமும் பாதிக் குதிரையைத் தேய்ச்சு வெச்சுட்டுப் போறியே, மீதிப் பாதியை யார் தேய்க்கிறது? உன் மாமியாரா?"

"முழுசா... தேய்ச்சேன்" என்றேன்.

"எங்கே முழுசா? வயித்துக்கு அந்தாண்ட கையே வைக்கலை. கழுத்தெல்லாம் சேறு. தலைன்னு ஒண்ணு இருக்கே, அது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

எனக்கு வந்த கோபத்தில் பிரஷ்ஷை வீசினேன். அவள் குனிந்தாள், எடுத்தாள், மறுபடி என் கையில் திணித்தாள். பிறகு போனில் ஒரு படம் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பார்த்தேன். பளபளவென்று முதுகு, தொடை, வால். எல்லாம் சுத்தம். "பாரு" என்றேன் வெற்றியோடு. சுள்ளி என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு போனைத் தலைகீழாகத் திருப்பினாள்.

தலைகீழான குதிரையின் வலது ஓரத்தில் ஒரு கழுத்து வந்தது. சேறு காய்ந்து வெடித்த கழுத்து. அதற்கப்பால் ஒரு தலை, ஒரு கண். அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அது ஒரு நொடிக்கு முன்பும் அந்தப் படத்தில்தான் இருந்தது.

அன்றுதான் முதல்முறையாகப் பயந்தேன். விழுந்தபோதுகூடப் பயப்பட நேரம் இருக்கவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது, மூளைதான் இடது பக்கத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை என்று பிறகு டாக்டர் விளக்கினார். இருட்டாகத் தெரிந்தால், அங்கே ஏதோ இல்லை என்றாவது சந்தேகம் வரும். எனக்கு இருட்டு இல்லை, ஓட்டை இல்லை, அங்கே ஒரு பக்கம் இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. மாப்பிள்ளை மேல் உட்கார்ந்து பார்க்கும்போது அதற்கு ஒரு காதுதான் என்று இரண்டு வாரம் நினைத்திருந்தேன். பாவம், ஏதோ சண்டையில் போயிருக்கும் என்று பரிதாபம் வேறு பட்டேன்!

வீட்டுக்குப் போனதும் சாப்பாட்டுத் தட்டு வந்தது. சாப்பிட்டேன். காலியானதும் நானே தட்டைப் பிடித்துத் திருப்பினேன். சோறு, பொரியல், அரை முட்டை எல்லாம் அப்படியே இருந்தன. நிமிர்ந்து பார்த்தால் அம்மாவின் கை, தட்டைத் திருப்ப நீண்டபடி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"எவ்வளவு... நாளா?" என்று கேட்டேன்.

"எதை?"

"திருப்புறே."

அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அப்பாதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்தும்மா. டாக்டர் சொன்னார், உன்கிட்டே சொல்லிப் பழக்கச் சொல்லி. உங்க அம்மாதான், இப்பத்தானே பிழைச்சு வந்திருக்கா, இன்னொண்ணையும் சொல்லணுமான்னு..."

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்" என்றாள் அம்மா.

சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தேன். கழுத்தை வலிக்க வலிக்க இடப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். டிவி வலது மூலைக்கு வந்திருந்தது. என் அலமாரி வலது சுவருக்கு நகர்ந்திருந்தது. செருப்பு, சீப்பு, தண்ணீர் பாட்டில், எல்லாமே கட்டிலுக்கு வலப்பக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். என் வீட்டில் பாதி உலகத்தையே மறைத்துவிட்டு, நான் நன்றாகத் தேறிவிட்டதாக என்னையே நம்பவைத்திருந்தார்கள். கட்டிலுக்கு இடப்பக்கத்தில், சுவரை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதன் முதுகில் ஒரு துண்டு. அப்படி ஒரு நாற்காலி என் அறையில் இருப்பதே எனக்குத் தெரியாது.

"இது... யாருக்கு?"

"துணி போடறதுக்கு" என்றாள் அம்மா.

"இனிமே... எதையும்... திருப்பாதே. பட்டினி கிடந்தா... கிடக்கிறேன்."

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்டி..."

"கஷ்டப்... படட்டும்."

மறுநாள் மதியம் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டேன். மூன்று மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. அதற்குப் பிறகு தட்டின் இடது ஓரத்தைத் தேடிப் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

லாயத்தில் ஒரு தந்திரம் செய்தேன். மாப்பிள்ளைக்குக் கேரட் என்றால் உயிர். ஒரு கேரட்டை என் சட்டையின் இடது பையில் போட்டுக்கொண்டு பிரஷ் போட நின்றேன். கழுத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தேய்ப்பதற்குள், எங்கிருந்தோ ஒரு பெரிய மூஞ்சி வந்து என்னை இடித்தது. மணலில் உட்கார்ந்துவிட்டேன். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அது நிஜம். தள்ளியதோடு விடாமல் சட்டைப் பையைக் கிழித்துக் கேரட்டை எடுத்து, என் தலைக்கு மேலேயே நின்று கறுக் கறுக்கென்று தின்றது. சுள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சூப்பர் மிஸ்கூட அன்று சூப்பர் சொல்லவில்லை.

அடுத்த நாளும் கேரட் கொண்டுபோனேன். அதற்கடுத்த நாளும். "உனக்குப் புத்தி வராதா?" என்று சுள்ளி கேட்டாள். வரவழைக்கத்தான் கொண்டுபோகிறேன் என்று சொல்ல நினைத்தேன், நீளமான வாக்கியம், விட்டுவிட்டேன். இரண்டு பைகள் கிழிந்தன. முழங்கையில் ஒரு கடி. அது அன்பான கடி என்றார்கள், வலி என்னவோ கடி வலிதான். அந்தக் கழுதையிடம் ஏமாறுவதில்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது. ஆறாவது வாரத்தில் ஒரு நாள், என்னை இடிக்க வந்த மூஞ்சியை அது என்னைத் தொடுவதற்கு முன்பே இடது கையால் தள்ளினேன். கை தடுமாறித்தான் போனது. ஆனாலும் போய்ச் சேர்ந்தது. "எட்டப் போ" என்று ஒரே மூச்சில் சொன்னேன். மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு முறுக்கோடு திரும்பிக்கொண்டது.

மேலே ஏறி உட்கார்ந்ததும் செய்ய ஒரு வழக்கத்தையும் நானே ஏற்படுத்திக்கொண்டேன். முதலில் காது எண்ணுவேன். ஒன்று இருந்தால் நகரக் கூடாது. இரண்டாவது காதைப் பார்த்த பிறகுதான் "போ" என்பேன். வீட்டுக் கதவைத் தாண்டும்போதும், தெருவைக் கடக்கும்போதும் மனதுக்குள் இரண்டாவது காதைத் தேடினேன்.

பத்தாவது வாரம் டாக்டர் வந்தார். கூடவே தலைமையாசிரியை, மணலுக்குத் தோதில்லாத செருப்போடு. இருவருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் செய்ய வேண்டியது இதுதான். கயிறு பிடிக்க ஆள் இல்லாமல், என் கையில் கடிவாளத்தோடு, கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போக வேண்டும். வழியில் ஆறு பழைய எண்ணெய் டிரம்கள், வலது பக்கம் மூன்று, இடது பக்கம் மூன்று. ஒவ்வொன்றையும் இடிக்காமல் சுற்றிவிட்டுப் போக வேண்டும். இரண்டு வாரமாக இதே பயிற்சிதான். வலது டிரம்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இடது பக்கத்தில் ஒன்றையாவது இடிக்காத நாள் கிடையாது.

ஏறினேன். வலப்பக்கம் சூப்பர் மிஸ், இடப்பக்கம் அம்மா, கீழே விழுந்தால் பிடிக்க மட்டும். காது எண்ணினேன். ஒன்று. கழுத்தைத் திருப்பினேன். இரண்டு. பிறகு டிரம்களை எண்ணினேன். வலது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

இடது பக்கம் திரும்பினேன். மணல்தான் இருந்தது. சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னும் திரும்பினேன், சுவர் தெரியும்வரை, சுவரில் தொங்கும் ஹெல்மெட்டுகள் தெரியும்வரை. மணலில் மூன்று வட்டத் தடங்கள் இருந்தன. டிரம்களை உருட்டிக்கொண்டு போன கோடுகளும் இருந்தன.

வீட்டில் செய்த அதே வேலை. அப்படியே தட்டு. அப்படியே டிவி. அப்படியே அலமாரி.

"போகலாம்மா, சூப்பரா பண்ணுவே" என்றார் சூப்பர் மிஸ். அவர் குரல் வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தது.

"இடது... பக்கம்... எங்கே?"

தலைமையாசிரியை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பேனாவைப் பார்த்தார்.

"என்னம்மா கேக்கறே?" என்றார் சூப்பர் மிஸ்.

"மூணு... டிரம். எங்கே?"

அம்மாவின் குரல் கீழிருந்து கெஞ்சலாக வந்தது. "நான்தான்டி மிஸ்கிட்டே கேட்டேன். இன்னைக்கு ஒரு நாள்தானே. பாஸ் பண்ணிட்டா ஸ்கூலுக்குப் போயிடலாம். அப்புறம் பழகிக்கலாம். பேசாமப் போயிடு கண்ணு."

போயிருக்கலாம். போனால் என் பெஞ்சு கிடைக்கும். ஆனால் அந்த மாடிப்படியில் எனக்காக யாரும் இடது பக்கத்தை எடுத்துவிடப் போவதில்லை. தெருவில் வரும் லாரி, பாவம் இந்தப் பெண் என்று வலது பக்கமாக வரப்போவதில்லை.

"மாட்டேன்" என்றேன்.

"நேரமாகுதும்மா" என்று தலைமையாசிரியை எழுந்தார். "பரவாயில்லை, இன்னொரு நாள்..."

"உக்காருங்க... மேடம்!"

இவ்வளவு சத்தமாக நான் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. தகரக்கூரை அதிர்ந்தது. மாப்பிள்ளை நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. பின்னால் இருந்து தட்டினாலும் முன்னால் இருந்து இழுத்தாலும் இனி அது நகராது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியை உட்கார்ந்தார்.

யாரும் சொல்லாமலே சுள்ளி போய் மூன்று டிரம்களை உருட்டிக்கொண்டு வந்து, தடத்தின் மேலேயே நிறுத்தினாள். திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்து, "கழுத்தை நல்லாத் திருப்பு. உனக்குத்தான் வாய் மட்டுமில்லாம கழுத்தும் இருக்கில்லே" என்றாள்.

"போ" என்றேன் மாப்பிள்ளையிடம். போனது.

வலது ஒன்று. இடது ஒன்று, தேடினேன், இருந்தது, சுற்றினேன். வலது இரண்டு. இடது இரண்டு. இடது கை கடிவாளத்தில் நடுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். வலது மூன்று. கடைசி இடது டிரம்மை நான் பார்த்தேன், பார்த்ததும் பார்த்துவிட்டோமே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் காலை மறந்துவிட்டேன். டங்கென்று என் இடது கால் மோதி டிரம் சாய்ந்தது.

சூப்பர் மிஸ் சூப்பர் என்று சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இடிச்சேன். எழுதிக்கோங்க. மறுபடி... வரேன்."

திரும்பினேன். சாய்ந்த டிரம்மைச் சுள்ளி நிமிர்த்தி வைத்தாள். திரும்பி வரும்போது இடதும் வலதும் இடம் மாறிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு மிகவும் பழக்கமான மூன்று டிரம்களும் இப்போது இடப்பக்கம். ஒவ்வொன்றுக்கும் காதை எண்ணினேன். முகத்தில் வியர்வை ஓடி உதட்டில் உப்புக் கரித்தது. ஆறையும் சுற்றி வந்து டாக்டர் முன்னால் நிறுத்தினேன். ஒன்றும் விழவில்லை.

டாக்டர் எழுந்து கிட்டே வந்தார். "நாங்க வந்து உட்காரும்போதே கவனிச்சேன், ஒரு பக்கம் காலியா இருக்குன்னு. நீ கவனிக்கிறியான்னு பார்க்கத்தான் வாயைத் திறக்கலை" என்றார். "ஆறையும் வலது பக்கமே வெச்சு, நீ அழகா சுத்திட்டு வந்திருந்தா, வீட்லயே இரும்மான்னுதான் எழுதியிருப்பேன்."

அம்மா "ஐயோ" என்றது கேட்டது.

டாக்டர் என் கண்ணெதிரிலேயே, ஃபைலைச் சேணத்தின் மேல் வைத்து எழுதினார். திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்குப் போகலாம். தனியாக. தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார். "சரி. ஆனா அந்தக் கைப்பிடியில இனிமே சறுக்க மாட்டேன்னு என்கிட்டே சொல்லு" என்றார். நான் யோசித்தேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இந்த... வருஷம்... மாட்டேன்."

சுள்ளி சிரித்துவிட்டாள். தலைமையாசிரியையும் உதட்டைக் கடித்துக்கொண்டு, செருப்புக்குள் புகுந்த மணலைத் தட்டுவது போலக் குனிந்துகொண்டார்.

இறங்குவதற்கு முன்பு பழக்கத்தில் காது எண்ணினேன். ஒன்று. இடப்பக்கம் திரும்பினேன். இரண்டு. அதற்குக் கீழே அம்மா நின்றுகொண்டிருந்தாள். கன்னம் முழுக்க ஈரம். சத்தமே வராமல், தோள்கூடக் குலுங்காமல், நன்றாகப் பழகிப்போன அழுகை. நான் பார்ப்பது அவளுக்குத் தெரியவில்லை. நான் பார்க்க மாட்டேன் என்று நினைத்துத்தான் அங்கே நின்றிருந்தாள்.

கட்டிலின் இடப்பக்கத்து நாற்காலி ஞாபகம் வந்தது. அதன் மேல் கிடந்த துண்டும். துணி போடுவதற்கு என்றாளே. ஏழு மாதமாக அவள் அங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறாள், ஒரு முழத் தூரத்தில், நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே.

நான் அழவில்லை, இரண்டு பேரும் அழுதால் குதிரையை யார் பிடிப்பது?

இடது கையை நீட்டினேன். அது தடுமாறி, வழி தெரியாமல் அலைந்து, கடைசியில் அம்மாவின் கன்னத்தில் போய் இடித்தது. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா" என்றேன். "இனிமே... இந்தப் பக்கம் நின்னாலும்... தெரியும்."